அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலை, ராத்திரி கட்டிய கட்டு ஒழுங்காக முடிந்ததா என்று பார்ப்பது. முடிந்திருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருடைய ஃபைல்களையும் தினமும் ஒரே கட்டாகக் கட்டிப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. டார் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஃபைல்களை வாரி ஒரே ஃபைலாக்கிவிடும். ஜிஜிப் என்று இன்னொன்று, அதை அமுக்கிச் சுருக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதே பிழைப்புதான். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘மூட்டை மேடம்’ என்று பேர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபமில்லை. என் உருவத்தைப் பார்த்துச் சொல்லாத வரைக்கும் சரி.

என் வீட்டுக்காரருக்கும் இங்கேதான் வேலை, மூன்றாவது மாடியில். குழந்தைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்கிறார். முப்பது வீட்டுப் பிள்ளைகளை, ‘ங்ங்’ என்று ஆரம்பித்த நாள் முதல் முழு வாக்கியம் பேசும் வரை, மாதாமாதம் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று எங்கள் பெண், வாயாடி. பதினேழு வயதாகிறது, இப்போதும் வாய் மூடுவதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை லேபுக்குக் கூட்டிப் போய் அவள் மழலையில் ஒரு துண்டு போட்டுக் காட்டுவார். வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். ஆராய்ச்சிக்கான பதிவு வெளியே போகக் கூடாது என்று அவரே போட்ட சட்டம். பதினெட்டு முடிந்ததும் முழுசையும் அவளிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று மாதம். இப்போதிலிருந்தே நச்சரிக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

அவர் லேபில் ஒரு கம்ப்யூட்டர் புகைந்துவிட்டதாம். போனில் பதற்றமே இல்லை. “டிஸ்க்கும் போச்சுன்னு நெனைக்கிறேன். உன்கிட்டதான் எல்லாம் இருக்கே. திங்கக்கிழமை எடுத்துக் குடு” என்றார்.

என்னிடம்தானே இருக்கிறது? அதற்குத்தானே எனக்குச் சம்பளம். கவலைப்படாதீங்க என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாளாவது என்னால் அவருக்கு ஒரு காரியம் ஆகிறதே என்று.

மார்ச் 10, திங்கள்

இல்லை.

ஒன்றுமே இல்லை. கட்டைப் பிரித்தேன். அவர் பேரில் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி. ஃபோல்டரின் பேர், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் வேறொரு டிஸ்க்கின் விலாசம். அளவு பூஜ்யம். லிங்க். பொருள் இங்கே இல்லை, அங்கே போய்ப் பார் என்று சொல்லும் அறிவிப்புப் பலகை. அவ்வளவுதான். டார் இருக்கிறதே, அது ரொம்ப நேர்மையான சனியன். பலகையைப் பார்த்தால் பலகையைக் கட்டும். பலகை காட்டும் வீட்டுக்குள் போய்ச் சாமானை எடுத்து வராது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

முந்தின நாள் கட்டைப் பிரித்தேன். பலகை. போன மாதத்தை. பலகை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டுகளை அழித்துவிடச் சொல்லி டைரக்டர் உத்தரவு, இடம் போதாது என்று. மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டையும் பிரித்தேன். அதிலும் பலகைதான்.

அந்த வரியில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கும். லிங்க்கைப் போட்டவர் யார், என்றைக்குப் போட்டார். போட்டவர் அவர். போட்டது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாயாடிக்குக் காய்ச்சல் கொதித்தது. “ஒரு மணி நேரத்துல வந்துடறேன்” என்று லேபுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார்.

 

மார்ச் 11, செவ்வாய்

காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் முதலில் சிரித்தார். “லிங்க்தானே போட்டேன்? ஃபைலெல்லாம் பழைய இடத்துலயே தெரிஞ்சுதே. டெய்லி அங்கேருந்துதானே திறந்தேன்!”

தெரியும். தெரியத்தான் தெரியும். இருக்காது.

பழைய டிஸ்க் நிரம்பி வழிந்தபோது நான் எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். பெரிய ஃபைல்களை இடம் மாற்றுவதென்றால் என்னிடம் சொல்லுங்கள், நானே மாற்றித் தருகிறேன் என்று. எல்லாரும் சொன்னார்கள். இவர் சொல்லவில்லை. “வீட்லயும் பொண்டாட்டி பெர்மிஷன், ஆபீஸ்லயும் பொண்டாட்டி பெர்மிஷனா”ன்னு எவனோ கேன்டீன்ல கிண்டல் பண்ணானாம். அதுக்காக, லேபுக்கு வாங்குன புது கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் தானே மாத்திக்கிட்டு, பழைய இடத்துல ஒரு லிங்க்கப் போட்டுட்டு வந்துட்டார். ரோஷமாம். அந்தக் கம்ப்யூட்டர் என் கணக்கிலேயே கிடையாது. அது இருப்பதே எனக்குத் தெரியாது.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் கட்டின் அளவு திடீரென்று இளைத்தது. பார்த்தேன். அறிக்கையைப் படித்துவிட்டு எல்லாரும் குப்பையை அழித்துவிட்டார்கள், சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

மார்ச் 13, வியாழன்

செத்த டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். தட்டு முழுக்கக் கீறல். ஒரு துணுக்குகூடத் தேறாது.

மார்ச் 16, ஞாயிறு

அதே பிள்ளைகளை மறுபடி பதிவு செய்துவிட முடியாதா என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எதைப் பதிவு செய்வது? அந்தப் பிள்ளைகள் எல்லாம் மீசை முளைத்து, தாவணி வயசு தாண்டி நிற்கிறார்கள். பேசத் தெரிந்த பிள்ளையிடம் போய், கொஞ்சம் மறுபடி மழலையில் பேசு கண்ணு என்றா கேட்பது? பாவமாகத்தான் இருந்தது. மனுஷன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்தார்.

24ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. டைரக்டரும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான். இவர் போட்ட கணக்கு இது. தப்பு என் பக்கம் என்று ஆனால் எனக்கு ஒரு மெமோ, அதோடு தீர்ந்தது. அவர் பக்கம் என்று ஆனால் ப்ராஜெக்டைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், இத்தனை வருஷ உழைப்பும் பேரும் போச்சு. “யோசிச்சுப் பாரு. நீ ஒத்துக்கிட்டா ஒரு பேப்பர். நான் ஒத்துக்கிட்டா என் வாழ்க்கை.”

என் வாழ்க்கை பேப்பரில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

மீதித் துணிக்கெல்லாம் க்ளிப் மாட்டி முடித்தேன். அவர் ஒரு க்ளிப்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

மார்ச் 19, புதன்

நாத்தனார் போன். எனக்குத் தெரியாமல் அவர் அக்காவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு டார் தெரியாது, லிங்க் தெரியாது, ஆனால் தீர்ப்பு தெரியும். “ஆம்பளைக்கு வெளியில தலை குனியக் கூடாதும்மா. பொம்பளை நாம கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன கொறைஞ்சா போயிடுவோம்?” என்றார். நல்லா இருக்கீங்களா அண்ணி, முட்டிவலி எப்படி இருக்கு என்று பேச்சை மாற்றினேன். முட்டிவலி அரை மணி நேரம் ஓடியது.

டாருக்கு ஒரு எழுத்து இருக்கிறது, எச். கட்டளையோடு அந்த ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் இருப்பதையும் வாரி வந்திருக்கும். ஏன் சேர்க்கவில்லை? ரொம்ப நாள் முன்பு சேர்த்திருந்தேன். யாரோ ஒரு மகானுபாவர் மொத்த டிஸ்க்குக்கும் ஒரு லிங்க் போட்டு வைத்திருக்க, கட்டு வீங்கி வீங்கி இடத்தையெல்லாம் விழுங்கி, விடிந்தால் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. அன்றைக்கு எடுத்தேன். சரியான காரணத்துக்குத்தான் எடுத்தேன். ஆனாலும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த ஒரு எழுத்தே நினைவுக்கு வருகிறது.

மார்ச் 24, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

டைரக்டர் அறையில் ஏசி அதிகம். தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தொடங்கிவிட்டார். தன் பக்கம் எந்த மாற்றமும் செய்யவில்லை, பத்திரப்படுத்தும் வேலையில் எங்கோ கவனக்குறைவு, ஆனால் இதைப் பெரிசுபடுத்த வேண்டாம், மனுஷர்தானே எல்லாரும் என்று எனக்காகப் பரிந்து பேசினார். பரிந்து! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதோட இல்லாம எனக்கும் ஒரு வாய் ஊட்டி விட்டார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். அப்படித்தானா? அப்படித்தான் என்றேன், அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நேற்றே இவரிடம் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தேன். ஆபீஸில் எனக்கு என்ன பேர் வந்தாலும் வரட்டும். ஆனால் வாயாடியிடம் நடந்ததை நடந்தபடி நீங்களேதான் சொல்ல வேண்டும். அவள் குரல் அது. அவளுக்கு உண்மை போய்ச் சேர வேண்டும். “கண்டிப்பா. என் வாயாலயே சொல்றேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எத்தனையோ வருஷம் கழித்துப் பிடித்த கை.

மார்ச் 27, வியாழன்

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார். “அந்தப் பழைய கட்டெல்லாம் இன்னும் வெச்சிருக்கியா? உள்ளதான் ஒண்ணும் இல்லையே. அழிச்சுடேன், சும்மா இடத்த அடைக்குது.”

உள்ளே ஒன்று இருக்கிறது. அவர் பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது. அது இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. “ஒரு வருஷம் ஆனா அதுவே அழிஞ்சிடும்” என்றேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதா என்று கேட்கவில்லை. ரசம் ஊற்றினேன்.

மார்ச் 30, ஞாயிறு

கிளாஸ் முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

“என் வாய்ஸையெல்லாம் நீதான் அழிச்சிட்டியாமே?”

யார் சொன்னது என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். காலையில் கிளாசில் இறக்கிவிடப் போகும்போது காரில் அவர் சொல்லியிருக்கிறார். அம்மா ரொம்ப வருத்தத்தில் இருக்கிறாள், அவளிடம் எதுவும் கேட்காதே, மன்னித்துவிடு, வேலைப் பளுவில் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று. மன்னிச்சிடணுமாம். என்னை. என் பொண்ணு. அவர் சிபாரிசில்.

என்ன சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன், அது நினைவிருக்கிறது. நான் அழிக்கலை என்றேன். அப்போ யாரு என்றாள். அவளுக்கு என்ன தெரியும், அப்பா சொன்னதுதான் தெரியும். அவள் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. எப்போதும் தொணதொணக்கும் வீடு. இன்றைக்கு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கிறது.

அவரிடம் போய் நின்றேன். ஏன் இப்படி? “அவகிட்ட என் மரியாதை போயிடும்மா. நீ அம்மா. உன்மேல எவ்ளோ நாள் கோவமா இருப்பா?”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்க. இங்க ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ளயே பங்கு போட்டாச்சு. போதும். ஆபீஸ்ல என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன், அது என் இஷ்டம். என் பொண்ணு கண்ணுல போட நான் யாருக்கும் எழுதிக் குடுக்கலை.

மார்ச் 31, திங்கள்

டைரக்டர் அறைக்கு லேப்டாப்பை எடுத்துப் போனேன். பிரிக்கக்கூடத் தேவையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பட்டியல் காட்டச் சொன்னால் டார் காட்டும். காட்டினேன். அந்த ஒரு வரி. பேர், தேதி, அம்புக்குறி, அந்தப் பக்கத்து விலாசம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கேட்டார், “இது உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?”

முதல் நாளிலிருந்து என்றேன். அவர் மேஜை மேலிருந்த பேப்பரை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டது. “அப்ப இது என்னம்மா?”



ஏப்ரல் 2, புதன்

அவருக்கு ஒரு மெமோ. எனக்கு இரண்டு. ஒன்று கவனக்குறைவுக்கு, இன்னொன்று தெரிந்தே பொய்யான வாக்குமூலம் கொடுத்ததற்கு. அவர் ப்ராஜெக்டைப் பிடுங்கவில்லை. வெளியில் பேர் பெற்ற ஆள், நிலையத்துக்கு அவர் வேண்டும். முதலிலிருந்து, புதுக் குழந்தைகளை வைத்துத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். ஆக அவர் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

வாயாடியை உட்கார வைத்துச் சொன்னேன். லிங்க் என்றால் என்ன, யார் போட்டது, நான் எதைப் பார்க்காமல் விட்டேன், எதில் கையெழுத்துப் போட்டேன், எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். மன்னிச்சுக்கோம்மா என்று கட்டிக்கொள்வாள் என்றுகூட, வெட்கமில்லாமல், நினைத்தேன்.

நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நீ நிஜமாவே தெரியாம அழிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல” என்றாள். “அவர் பொய் சொன்னார். நீ அதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க. அப்புறம் எங்கிட்ட மட்டும் நல்லவளா இருக்கணும்னு வந்து நிக்கிற. உங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?”

பதினேழு வயசு. பேசக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

ஏப்ரல் 9, புதன்

நாத்தனார் மறுபடி. “புருஷனைக் காட்டிக் கொடுத்த பொம்பளையை எங்க வம்சத்துலயே பாத்ததில்ல.” இந்தத் தடவை முட்டிவலியைக் கேட்கவில்லை. பாத்துக்கோங்க அண்ணி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவர் படிக்கும் அறையில் படுத்துக்கொள்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி அனுப்புவார். அவள் தூது போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் யாருக்கும் எதுவும் வேண்டாததாகிவிட்டது.

மே 5, திங்கள்

அவர் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. புத்தகப் பெட்டி கனமாக இருந்தது, ஒரு பக்கம் நான் பிடித்தேன். படியில் இறங்கும்போது பார்த்து என்று சொன்னேன்.

வாயாடி மேல்படிப்புக்கு ஹாஸ்டல் கேட்டிருக்கிறாள். இந்த ஊரிலேயே காலேஜ், வீட்டிலிருந்து இரண்டு பஸ். ஹாஸ்டல்தான் வேண்டுமாம். சரி என்றேன்.

மே 22, வியாழன்

ஆபீஸில் ஒரு புது விதி போட்டிருக்கிறேன். டைரக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார். இனி கட்டுவதோடு வேலை முடியாது. மாதம் ஒருமுறை, கட்டியதைக் காலி இடத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் நேரில் வந்து, தன் ஃபைலைத் தானே திறந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. முணுமுணுக்கிறார்கள். மூட்டை மேடத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். பிடிக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அவளுக்குப் பதினெட்டு. ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். தேங்க்ஸ்மா என்றாள். சாப்பிட்டியா என்றாள். நானும் சாப்பிட்டியா என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று ஒரு காலத்தில் நான் சலித்துக்கொண்டது உண்டு.

ஜூன் 17, செவ்வாய்

இன்று மூன்றாவது மாடியின் முறை. நான்காவது ஆளாக அவர் வந்தார். எனக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் காலர் இஸ்திரி போடாமல் இருந்தது. அவர் அக்காவுக்கு முட்டிவலி, முடிந்திருக்காது.

புது ஆராய்ச்சியின் முதல் மாதப் பதிவுகள். காலி இடத்தில் பிரித்தேன். வரிகள் ஓடின, ஒவ்வொன்றிலும் அளவு இருந்தது, அம்புக்குறி எதிலும் இல்லை. எதை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுத்துத் திறந்து கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொல்லி, ஹெட்ஃபோனை நகர்த்தி வைத்தேன். ஒன்றைத் தொட்டார். ஹெட்ஃபோனில் இருந்து கசிந்து எனக்கும் லேசாகக் கேட்டது. யார் வீட்டுக் குழந்தையோ, எதையோ தட்டிக்கொண்டு ‘ங்ங்... ங்ங்’ என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஒரு நிமிஷம் கேட்டாலே போதும், அதுதான் விதி. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் காத்திருந்தேன், காத்திருக்கவில்லை என்று எழுதினால் பொய். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“எல்லாம் சரியா இருக்குங்க மேடம்” என்றார். “நீங்க சிரமப்பட்டதுக்கு ரொம்ப நன்றிங்க.”

பரவாயில்லைங்க, அடுத்தவங்களை வரச் சொல்லுங்க என்றேன்.